ஈஆர்பி வருகிறது சரி, லைன் வந்துவிட்டதா?

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தென்னாப்பிரிக்காவுக்கு ஈஆர்பி (கணக்கு, சரக்கு, ஆர்டர் எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் நிறுவன மென்பொருள்) போன்ற பெரிய மென்பொருள் திட்டங்களைக் கொண்டுவரும் தமிழ்த் திட்ட மேலாளர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் வணக்கம்.

டர்பனிலிருந்து எழுதுகிறேன். இங்கே நெட்வொர்க் வேலைதான் என் பிழைப்பு. உங்களில் பலரை நேரில் தெரியும். ஜோகன்னஸ்பர்க்கில் சாண்ட்டன் பக்கத்து அலுவலகங்களில் ஒன்றாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறோம். புது மென்பொருள் ஓடத் தொடங்கும் கோ-லைவ் இரவுகளில் ஒரே அழைப்பில் விடிய விடியக் காத்திருந்தும் இருக்கிறோம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான்: நெட்வொர்க்கை ஒப்பந்தத்துக்கு முன்னால் பாருங்கள். கோ-லைவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்களைக் கூப்பிட்டால் நாங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை.

இப்போது இந்த நாட்டில் எல்லோருக்கும் அவசரம். ஈஆர்பி விற்கும் எஸ்ஏபி நிறுவனம் தன் பழைய ஈசிசி பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பை 2027 இறுதியோடு நிறுத்துகிறது. கூடுதல் பணம் கட்டினால் 2030 வரை இழுக்கலாம். எனவே சர்க்கரை ஆலையிலிருந்து டயர் மொத்த வியாபாரி வரை ஆளாளுக்கு அதன் புதிய பதிப்பான எஸ்/4ஹானாவுக்கோ வேறொரு கிளவுட் ஈஆர்பிக்கோ மாறத் துடிக்கிறார்கள். அவர்களுக்காக நீங்கள் கொண்டுவரும் பிளானைப் பார்த்திருக்கிறேன். ஃபைனான்ஸுக்குப் பக்கம் பக்கமாக வரிகள், டேட்டா மைக்ரேஷனுக்குத் தனிக் குழு, பயிற்சிக்குத் தனி அட்டவணை. நெட்வொர்க்குக்கு? ஒரே ஒரு வரி. ‘நெட்வொர்க் தயார்நிலை, பொறுப்பு: வாடிக்கையாளர்.’ அதற்கு எதிரே பச்சை நிறம். யார் பார்த்து, எதை அளந்து பச்சை போட்டார்கள் என்று கேட்டால், வாடிக்கையாளரின் ஐடி மேலாளர் “லைன் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது” என்றாராம். இன்றைக்கு ஓடும் மென்பொருளுக்கு அது நன்றாகத்தான் இருக்கும்.

டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டன் பகுதியில் ஒரு கிடங்கு. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கோ-லைவ் திங்கட்கிழமை காலை. டெஸ்பாட்ச் பார்க்கும் ஆண்ட்டி உள்ளே நுழைகிறார், ஆர்டரைத் திறக்கிறார், எல்லாம் சரளமாக வருகிறது. டெலிவரி நோட்டுக்குப் பிரிண்ட் கொடுக்கிறார். ஐந்து வரி உள்ள நோட்டு வந்துவிட்டது. அறுபது வரி உள்ள நோட்டு வரவில்லை. திரை அப்படியே உறைந்து நிற்கிறது. வெளியே ஜோகன்னஸ்பர்க் போகும் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. இருட்டுவதற்குள் வான் ரீனன் கணவாயைத் தாண்ட வேண்டும் என்று டிரைவர்கள் கத்துகிறார்கள்.

ஆலோசகர், லைன் பதில் தருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையைப் போட்டுப் பார்த்தார். அருமையாகப் போய் வந்தது. “நெட்வொர்க்கில் பிரச்சினை இல்லை, பிரிண்டர் டிரைவர்தான்” என்றார். பிரிண்டர்காரர் வந்து ஆலோசகரைக் கைகாட்டினார். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. விண்டோஸில் சும்மா பிங் என்று அடித்தால் போவது 32 பைட். ஒரு முழு பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுப் பொட்டலம்) 1500 பைட். கிளையிலிருந்து தரவு மையத்துக்குப் போகும் விபிஎன் சுரங்கம் (பூட்டிய தனிப்பாதை) தன் பங்குக்கு மேலும் சில பைட்டுகளைச் சேர்த்துக்கொள்ளும். அதனால் சுமார் 1400-க்கு மேற்பட்ட பாக்கெட் அதற்குள் நுழையாது. “பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு” என்று ரவுட்டர் திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியைப் பாதுகாப்பு என்ற பெயரில் யாரோ ஃபயர்வாலில் அடைத்து வைத்திருந்தார்கள். சின்னத் தகவல் எல்லாம் போகும், பெரியது மட்டும் சத்தமில்லாமல் தொலையும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ் அளவை, அதாவது ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்சத்தை, 1350-க்கு இறக்கும் ஒரே ஒரு வரியில் அது சரியாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு வரிக்காக ஒரு நாள் அனுப்பல் முழுவதும் நின்றது.

இதைப் பிடிக்கப் பெரிய அறிவு வேண்டாம். பரிசோதனை நாட்களில் ஒருவர் அந்தக் கிடங்குக்கே போய், அங்கே இருக்கும் கணினியில், அவர்களுடைய மிக நீளமான டெலிவரி நோட்டை, அவர்களுடைய பிரிண்டரில் அடித்துப் பார்த்திருந்தால் போதும். அவர்கள் செய்த பயனர் பரிசோதனையோ தலைமை அலுவலகத்துக் கருத்தரங்கு அறையில், கேபிள் செருகிய மடிக்கணினிகளில், சர்வருக்குப் பக்கத்தில் நடந்தது. பிஸ்கட் தட்டோடு.

அடுத்து, நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம். வேகம் என்றதும் எல்லோரும் லைனின் கொள்ளளவான பேண்ட்வித்தையே பிடித்துக்கொள்கிறார்கள். “50 மெகாபிட் இருக்கிறது, 200 ஆக்கிவிடலாம், முடிந்தது.” முடியாது. ஈஆர்பியைப் பெரும்பாலும் வதைப்பது போய்வரும் நேரம், அதாவது லேட்டன்ஸி. மளிகைச் சீட்டை எழுதிக் கொடுத்து ஒரே நடையில் வாங்கி வருவது ஒரு விதம்; உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை என்று போய் வருவது இன்னொரு விதம். பல பழைய மென்பொருள்கள், அதிலும் கணினியிலிருந்து நேராக டேட்டாபேஸோடு பேசுபவை, இரண்டாவது வகை. ஒரு திரை திறக்க 200 நடை என்று வையுங்கள். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் சாலை வழியில் சுமார் 570 கிலோமீட்டர். நல்ல ஃபைபரில் போய்வர 10 மில்லிசெகண்ட் அளவில் ஆகும். 200 நடைக்கு 2 விநாடி, பொறுத்துக்கொள்ளலாம். கேப்டவுனுக்கு 30 மில்லிசெகண்ட் என்று எடுத்துக்கொண்டால் 6 விநாடி, முணுமுணுப்பு கேட்கும். ஐரோப்பாவில் சர்வர், 170 மில்லிசெகண்ட் என்றால் 34 விநாடி. ஆண்ட்டி எழுந்து டீ போடப் போய்விடுவார்.

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். லைன் தரும் எந்தச் சேவை நிறுவனத்துக்கும் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதற்கு மேல் ஓட்ட முடியாது. கோப்பு நகர்த்தும்போதும் இதே கதைதான். பழைய 64 கேபி டிசிபி விண்டோவிலேயே (பதில் வரும் முன் அனுப்பிவைக்கக்கூடிய அளவு) சிக்கிக்கொண்ட ஓர் இணைப்பு, 170 மில்லிசெகண்ட் தூரத்தில் விநாடிக்கு 3 மெகாபிட் அளவைத் தாண்டாது. நீங்கள் 100 வாங்கியிருந்தாலும் சரி, 1000 வாங்கியிருந்தாலும் சரி.

ஆகவே விற்பனைக் கூட்டத்தில் “கிளவுட் தென்னாப்பிரிக்காவிலேயே இருக்கிறது” என்று சொல்லும்போது அதோடு நிறுத்தாதீர்கள், எந்த ஊர் என்று கேளுங்கள். மைக்ரோசாஃப்ட் 2019-இல் ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும் மையம் திறந்தது. அதில் கேப்டவுன் மையம் பெரும்பாலும் பேரிடர் மீட்புக்கான மாற்றிடம். அமேசான் 2020-இல் கேப்டவுனில் திறந்தது. கூகுள் 2024 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்கில். டர்பன் பக்கத்துப் பயனருக்கு இந்த இரண்டு ஊரும் ஒன்றல்ல. அப்புறம், ஈஆர்பி ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும், அதோடு நொடிக்கு நொடி பேசும் கிடங்கு மென்பொருள் பழைய சர்வரில் டர்பன் பக்கத்துப் பைன்டவுனிலேயே கிடக்கும், லாகின் சரிபார்ப்பு அயர்லாந்து வரை போய்வரும் என்று துண்டு துண்டாகப் பிரித்து வைக்கிறார்கள். ஆர்க்கிடெக்சர் படத்தில் அவை பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள். நடுவில் இருக்கும் கோட்டின் நீளத்தை மட்டும் யாரும் எழுதுவதில்லை. அந்தக் கோடு ஒவ்வொன்றின் மேலும் மில்லிசெகண்டை எழுதிவிட்டு அப்புறம் எங்களுக்கு அனுப்புங்கள். இந்த ஒரு வேலையிலேயே பாதித் தகராறு தீரும்.

இதை முன்கூட்டியே சோதிப்பதற்கும் வழி இருக்கிறது. லினக்ஸ் பெட்டி ஒன்றை நடுவில் வைத்து, அதில் இலவசமாகவே கிடைக்கும் நெட்எம் வசதியால் 40 மில்லிசெகண்ட் தாமதமும் 1 சதவீத பாக்கெட் இழப்பும் சேர்த்துவிட்டால், சென்னை அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்து நியூகாசில் கிளையின் கஷ்டம் தெரியும். லோட் டெஸ்ட் செய்கிறோம் என்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் ஆயிரம் போலிப் பயனர்களை உருவாக்கும் அந்தக் கணினி, சர்வர் இருக்கும் அதே தரவு மையத்தில் இருக்கிறது. சர்வருக்கு அது நல்ல சோதனை. கிளைகளுக்குப் போகும் லைனை அது தொடவே இல்லை.

சர்வர் பக்கம் போதும், கணினிகளில் மென்பொருள் இறக்கும் நாளுக்கு வருவோம். கிளையண்ட் பொதி 2 ஜிபி, கிளையில் 40 கணினி, லைன் 20 மெகாபிட் என்று வையுங்கள். ஒவ்வொரு கணினியும் தனித்தனியே தலைமை அலுவலகத்திலிருந்து இழுத்தால் மொத்தம் 80 ஜிபி, லைனை முழுசாக விழுங்கினாலும் ஏறத்தாழ 9 மணி நேரம். அந்த 9 மணி நேரமும் தொலைபேசி கரகரக்கும், கார்டு மெஷின் வேலை செய்யாது. அதே பொதியைக் கிளையிலேயே ஒரு கணினிக்கு முந்தின இரவு அனுப்பிவிட்டு, மற்றவை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி வைத்தால் லைனில் போவது 2 ஜிபி மட்டும், கால் மணி நேர வேலை. விண்டோஸிலேயே பிராஞ்ச்கேஷ், டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று இதற்கான வசதிகள் இருக்கின்றன. யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இன்னொன்று: மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுவது இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நம் நேரத்துக்கு மாலை அல்லது இரவு. அந்தப் புதன்கிழமை காலையில் ரோல்-அவுட் வைக்கும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள்.

லைனில் எதற்கு முன்னுரிமை என்பதையும் இதே கையோடு முடிவு செய்ய வேண்டும். குரல் முதலில், ஈஆர்பி அடுத்து, பேக்கப்பும் சிசிடிவி காட்சிகளும் கடைசி. இது முழுக்கத் தொழில்நுட்ப முடிவு இல்லை. காலை பத்து மணிக்கு டைரக்டரின் வீடியோ கூட்டமா, கவுன்டரில் போடும் பில்லா என்று யாராவது வாய்திறந்து சொல்லியாக வேண்டும். அந்த வாய் எங்களுடையதாக இருந்தால் வேலைக்கு ஆகாது, உங்கள் ஸ்டியரிங் கமிட்டி சொல்லட்டும். நாம் பாக்கெட்டுகளில் ஒட்டும் முன்னுரிமை முத்திரைகளைச் சேவை நிறுவனமும் மதிக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். நம் ரவுட்டரில் அழகாக ஒட்டிவிடும் முன்னுரிமையை அவர்கள் நுழைவாயிலிலேயே உரித்தெறிந்தால் பயனில்லை. பொது இணையத்தின் மேல் ஓடும் மலிவு லைன்களில் அதுதான் நடக்கும்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு மின்சாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. லோட்ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) முடிந்த கதை என்று சிலர் நினைக்கிறார்கள். 2023-இல் நாங்கள் பட்டது கொஞ்சமல்ல. 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு பல மாதம் ஓய்ந்திருந்தது. 2025-இல் இடையிடையே திரும்பி வந்து எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு ஸ்டேஜும் 1000 மெகாவாட் கழிப்பு. ஸ்டேஜ் 6 என்றால் ஒரே நாளில் பல தடவை மின்சாரம் போகும். லோட்ஷெடிங் இல்லாத வாரங்களிலும் செம்புக் கம்பித் திருட்டும் துணைநிலையக் கோளாறும் விடுமுறை எடுப்பதில்லை.

இங்கே நெட்வொர்க் தயார்நிலை என்பதில் பாதி பேட்டரி. “யுபிஎஸ் இருக்கிறது” என்ற பதிலை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எதற்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். சர்வர் அறைக்கு இருக்கும். கிடங்கின் மறுகோடியில் சுவரில் தொங்கும் சுவிட்ச் பெட்டிக்கு இருக்காது. அது அணைந்தால் அதிலிருந்து மின்சாரம் வாங்கும் வைஃபை பெட்டிகளும் அணையும், ஸ்கேனர்கள் கையில் சும்மா கிடக்கும். ஃபைபர் முடியும் வெள்ளைப் பெட்டியை யாராவது டீ கெட்டிலுக்குப் பக்கத்துப் பிளக்கில் செருகியிருப்பார்கள். லேசர் பிரிண்டரைச் சின்ன யுபிஎஸ்ஸில் மாட்டினால், அதன் உருளை சூடாகும் நொடியில் இழுக்கும் கரண்டுக்கு யுபிஎஸ்ஸே விழுந்துவிடும். டீசல் ஜெனரேட்டர் ஓடினாலும் அதன் ஃப்ரீக்வன்ஸி தள்ளாடினால் சில யுபிஎஸ்கள் அதை ஏற்காமல் பேட்டரியையே தின்றுகொண்டிருக்கும். இதெல்லாம் காகிதத்தில் தெரியாது. வேலை நாளில் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு இரண்டரை மணி நேரம் காத்திருந்து பாருங்கள், எல்லாம் தெரியும். மின்சாரம் திரும்பும் அந்த நிமிடத்தையும் பாருங்கள்: கிளை முழுவதும் ஒரே நேரத்தில் உயிர்பெற்று, ஒரே நேரத்தில் லாகின் கேட்டு முட்டும்.

மாற்று ஏற்பாடாக எல்டிஇ (4ஜி மொபைல்) சிம் போட்டிருக்கிறோம் என்பார்கள். மின்சாரம் போகும்போது அந்த வட்டாரத்துச் செல் கோபுரத்துக்கும் போகிறது. அதன் பேட்டரி தாங்கினால் தாங்கும். அடுத்தடுத்த வெட்டுகளுக்கு நடுவே நிரம்ப நேரமில்லாவிட்டாலோ பேட்டரியையே யாராவது கழற்றிக்கொண்டு போயிருந்தாலோ அதுவும் இல்லை. தாங்கினாலும், ஃபைபர் இழந்த மொத்த வட்டாரமும் அதே கோபுரத்தில்தான் ஏறும். எல்டிஇ வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதில் எத்தனை பேர் எந்த வேலையை மட்டும் செய்வார்கள் என்று முன்பே தீர்மானித்து, அந்த அளவுக்கு அளந்து பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது ஃபைபர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு நிறுவனத்திடம் இரண்டு பில் கட்டினால் இரண்டு பாதை ஆகிவிடாது. இரண்டும் ஒரே குழாயில், ஒரே பாலத்தின் மேல் ஓடலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் சாலைகளும் பாலங்களும் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். பாதை வரைபடத்தை ஆர்டர் போடும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

கடலடியிலும் இதுவேதான். சீகாம் கேபிள் 2009-இலும் ஈசி கேபிள் 2010-இலும் எங்கள் மாகாணத்து ம்துன்சினிக் கரையில் ஏறின. அதுவரை கிழக்குக் கரைக்கு இருந்த வழிகள் மிகக் குறைவு. மேற்கே சாட்-3 முன்பே இருந்தது, பிறகு டபிள்யூஏசிஎஸ், எக்குவியானோ என்று வந்தன. “கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று, இனி கவலை இல்லை” என்றுதான் எல்லோரும் இருந்தோம். 2023 ஆகஸ்டில் காங்கோ ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே கடலடிச் சரிவு டபிள்யூஏசிஎஸ்ஸையும் சாட்-3-ஐயும் ஒன்றாக அறுத்தது. 2024 பிப்ரவரியில் செங்கடலில் சீகாம் உட்பட மூன்று கேபிள்கள் சேதமாயின. அவை சரியாகும் முன்பே மார்ச் 14-ஆம் தேதி ஐவரி கோஸ்ட் கரைக்கு வெளியே நான்கு கேபிள்கள் போயின. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவைகளே அன்று இந்த நாட்டில் தடுமாறின. உங்கள் சர்வர் ஜோகன்னஸ்பர்க்கிலேயே இருக்கலாம்; ஆனால் உள்ளே நுழைவதற்கான அடையாளச் சோதனையோ, லைசென்ஸ் சரிபார்ப்போ, பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸோ வெளிநாட்டுக்குப் போய்வந்தால் உள்ளூர் சர்வர் பூட்டிய வீடுதான். சென்னையிலிருந்து ஆதரவு கொடுக்கும் உங்கள் குழுவுக்கும் அந்தக் கேபிள்கள்தான் வழி. கோ-லைவ் வாரத்தில் குறைந்தது ஒருவர் இந்த மண்ணில் இருங்கள்.

கிடங்கு வைஃபைக்கு வருகிறேன். காலிக் கிடங்கில் சிக்னல் அளந்து, “முழு கவரேஜ்” என்று பச்சை வண்ணம் பூசிய படம் தருவார்கள். சரக்கு ஏறியதும் கதை மாறும். சமையல் எண்ணெய் டின்னும் பெயின்ட் டின்னும் கூரை வரை அடுக்கினால் இரும்பும் திரவமும் சேர்ந்து சிக்னலைக் குடித்துவிடும். அளப்பதை நவம்பரில் அளக்கச் சொல்லுங்கள், அதாவது பிளாக் ஃப்ரைடேக்கும் கிறிஸ்துமஸுக்கும் சரக்கு நிரம்பிக் கிடக்கும்போது. மடிக்கணினியில் அளக்காமல், தொழிலாளி கையில் பிடிக்கப்போகும் அதே ஸ்கேனரில் அளக்கச் சொல்லுங்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பும்போது ஸ்கேனர் ஒரு வைஃபை பெட்டியை விட்டு அடுத்ததைப் பிடிக்கத் தடுமாறினால், புது ஈஆர்பி அவரை வெளியே தள்ளிவிடும். பழைய மென்பொருள் சொரணை இல்லாமல் பொறுத்துக்கொண்டிருந்தது.

சின்னச் சின்ன விஷயங்கள் சில இருக்கின்றன. பல ஃபயர்வால்கள் ஒரு மணி நேரம் பேசாமல் இருக்கும் இணைப்பை அறுத்துவிடும். விண்டோஸோ “உயிரோடு இருக்கிறேன்” என்று இயல்பாகச் சொல்வது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. மதிய உணவு முடிந்து திரும்புகிறவர்கள் பாதி அடித்த ஆர்டரை இழப்பது அதனால்தான். கிளைச் சர்வரின் கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால், அடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை லாகினை மறுத்துவிடும். ஃபயர்வாலில் எந்தெந்தப் போர்ட் (மென்பொருள் பேசும் எண்ணிட்ட வாசல்) திறக்க வேண்டும் என்ற பட்டியலை முழுசாகக் கொடுங்கள். எஸ்ஏபி என்றால் 32-இல் தொடங்கும் டிஸ்பேச்சர் போர்ட்டை மட்டும் சொல்லிவிட்டு, 36-இல் தொடங்கும் மெசேஜ் சர்வர் போர்ட்டைக் கோ-லைவ் காலையில் கேட்பது வாடிக்கையாகிவிட்டது. “எல்லாப் போர்ட்டையும் திறந்துவிடுங்கள்” என்ற வாசகத்தைத் தயவுசெய்து இனி எழுதாதீர்கள்.

ஏனென்றால் 2021 ஜூலையில் துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகள் தாக்கப்பட்டபோது டர்பன் கன்டெய்னர் முனையம் கையால் எழுதி வேலை செய்ய வேண்டிய நிலைக்கு வந்தது; தங்கள் சக்திக்கு மீறிய நிலை என்று அதிகாரப்பூர்வமாகவே அறிவித்தார்கள். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஊர் இது. அந்த வாரத்தை யாரும் மறக்கவில்லை. ஈஆர்பி ஒரு தனிப் பகுதி, பிரிண்டர்களும் கேமராக்களும் இன்னொரு பகுதி, வெளியிலிருந்து வரும் ஆலோசகர்களின் மடிக்கணினிகள் வேறொரு பகுதி என்று நாங்கள் பிரிப்பது உங்களைச் சந்தேகப்பட்டு அல்ல. அதற்கு நேரம் பிடிக்கும், பிளானில் இடம் கொடுங்கள்.

தேதி குறிப்பதிலும் எங்களைக் கேளுங்கள். பழையதிலிருந்து புதியதுக்கு மாறும் கட்ஓவர் வார இறுதியில் 1.5 டிபி டேட்டாவை 100 மெகாபிட் லைனில் கிளவுடுக்கு ஏற்றுவதாகப் போட்டிருப்பார்கள். எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடினாலும் 33 மணி நேரம். சரிபார்க்க, தோற்றால் திரும்ப வர நேரம் எங்கே? பெரும்பகுதியை முந்தைய வாரங்களிலேயே ஏற்றிவிட்டு, கடைசி இரவில் மாறியதை மட்டும் அனுப்ப வேண்டும். மாதக் கடைசியைத் தவிர்க்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். 25-ஆம் தேதியை ஒட்டிச் சம்பளமும் வாட் கணக்கும் சேர்ந்து நெருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து தொழிற்சாலைகள் மூடிக்கிடக்கும், நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்று ஆசைப்படுவீர்கள். சேவை நிறுவனங்களும் அப்போது எந்த மாற்றமும் செய்யமாட்டோம் என்று கதவைச் சாத்திவிடும். ஒரு லைன் கோளாறானால் விசாரிக்க ஆள் கிடைப்பதே பெரும்பாடு.

புது ஃபைபருக்கான காத்திருப்புதான் எல்லாவற்றையும் விட நீளம். சாலையைத் தோண்ட நகராட்சியின் வேலீவ் அனுமதி வேண்டும், கட்டட உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். தொழிற்பேட்டைகளில் கட்டட உரிமையாளர் யாரென்று கண்டுபிடிப்பதற்கே ஒரு மாதம் போன கதைகள் உண்டு. பிப்ரவரியில் கோ-லைவ் என்றால் முந்தைய ஜூலையிலேயே ஆர்டர் போயிருக்க வேண்டும். நீங்கள் எங்களை ஜனவரியில் கூப்பிடுகிறீர்கள்.

இனி எடுத்து வரும் திட்டங்களில் ஒப்பந்தத்துக்கு முந்தைய முதல் கூட்டத்துக்கே எங்களையும் அழையுங்கள். வரும்போது கிளைகளின் பட்டியலைக் கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேலை செய்வார்கள், எத்தனை பிரிண்டர், எத்தனை ஸ்கேனர், மாதக் கடைசியில் என்ன நடக்கும் என்று இருந்தால் போதும். ஒரு மாத அளவீட்டை நாங்கள் எடுத்துத் தருகிறோம், மாதக் கடைசியும் அதில் அடங்கும்படி. ஐந்து நிமிடச் சராசரியைக் காட்டி “லைன் பாதிதான் ஓடுகிறது” என்று யாரும் வாதாட முடியாதபடி நொடிக்கு நொடி. பிறகு “நெட்வொர்க் ஸ்லோ” என்ற புகார் வந்தால் இரு தரப்பும் பார்ப்பதற்கு ஒரே எண் இருக்கும். போகலாமா வேண்டாமா என்று கைதூக்கும் கடைசிக் கூட்டத்தில் எங்களுக்கும் ஒரு கை கொடுங்கள், “வேண்டாம்” என்று சொல்லும் உரிமையோடு. இதற்கெல்லாம் ஆகும் செலவு உங்கள் லைசென்ஸ் கட்டணத்துக்குப் பக்கத்தில் கண்ணுக்கே தெரியாது. அதையும் தள்ளுபடி செய்யச் சொல்லி எங்களிடம் பேரம் பேசுவீர்கள், தெரியும். பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
டர்பனிலிருந்து ஒரு நெட்வொர்க்காரன்